சத்தம், உதறல், நழுவல்: பைக் செயின் காட்டும் அறிகுறிகளும் செய்ய வேண்டியவையும்

கார்த்திகை மழையில் ஒரு மாலை, தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் என் பைக்கின் செயின் கழன்று பின்சக்கரத்தில் சிக்கியது. பின்னால் மனைவி உட்கார்ந்திருந்தார். வேகம் குறைவாக இருந்ததால் சக்கரம் இறுகி வழுக்கியபோதும் வண்டி சாயவில்லை. அதற்கு மூன்று வாரம் முன்புதான், "செயின் தொங்குகிறது, இரண்டு கண்ணியை வெட்டிவிட்டால் போதும்" என்று ஒரு கடையில் சொன்னார்கள். நானும் சரி என்றேன். வெட்டியதும் தொங்கல் போய்விட்டது. தேய்மானம் அப்படியே இருந்தது. அன்று முதல் என் வண்டி, தம்பியின் வண்டி, அக்கம்பக்கத்தார் வண்டிகள் என்று செயின் வேலையை நானே செய்கிறேன். எந்தத் தொல்லைக்கு எது காரணம், எதைச் சரிசெய்யலாம், எதை மாற்றியே தீர வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். 100 முதல் 200 சிசி வரையுள்ள அன்றாட வண்டிகளை மனத்தில் வைத்து எழுதியது இது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். "செயின் நீண்டுவிட்டது" என்கிறோம். உண்மையில் இரும்புத் தகடு இழுபட்டு நீள்வதில்லை. கண்ணிகளை இணைக்கும் சிறு முளைகளும், அவை உட்கார்ந்திருக்கும் புஷ் என்னும் சிறு குழாய்களும் ஒன்றையொன்று உரசித் தேய்கின்றன. ஓர் இணைப்பில் கால் மில்லிமீட்டர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. 100 கண்ணியில் அது 25 மில்லிமீட்டர். சிறிய வண்டிகளில் பெரும்பாலும் இருக்கும் 428 வகைச் செயினில் ஒரு கண்ணியின் நீளம் 12.7 மி.மீ. ஆக, அந்தத் தேய்மானம் ஏறக்குறைய இரண்டு கண்ணிக்குச் சமம். கடைக்காரர் வெட்டி எடுத்த அந்த இரண்டு கண்ணிகள், செயின் ஆயுள் முடிந்துவிட்டது என்பதற்கான அளவு. அதை வெட்டி எறிந்துவிட்டுத் தேய்ந்த மீதியை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்று சோதனை

எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எஞ்சின் ஓடும்போது, கியரில் சக்கரம் சுற்றும்போது, செயினைத் துணியால் துடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். துணியின் நுனி, செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்பிராக்கெட்டில் மாட்டினால் விரல் போய்விடும். கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது. சக்கரத்தைக் கையால் மட்டும் சுற்றுங்கள்.

முதல் சோதனை, தொங்கல். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளி, மொத்த அசைவை அளவுகோலில் பாருங்கள். சிறிய வண்டிகளில் இது பொதுவாக 20 முதல் 35 மி.மீ.க்குள் இருக்கும், உங்கள் வண்டிக்குரிய சரியான எண்ணும், எந்த ஸ்டாண்டில் நிறுத்தி அளக்க வேண்டும் என்பதும் கையேட்டில் இருக்கும். ஓரிடத்தில் அளந்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி ஐந்தாறு இடங்களில் பாருங்கள்.

இரண்டாவது, நீளம். கியரில் போட்டுவிட்டுப் பின்சக்கரத்தை முன்னோக்கி அழுத்தித் திருகிப் பிடித்தால் கீழ்ப்பக்கச் செயின் விறைக்கும். அங்கே அடுத்தடுத்து 21 முளைகளை எண்ணி, முதல் முளையின் மையத்திலிருந்து கடைசி முளையின் மையம் வரை அளந்தால் 20 கண்ணிகளின் நீளம் கிடைக்கும். புதிய 428 செயினில் இது 254 மி.மீ. 257ஐ நெருங்கும்போதே புதிய செட்டுக்கு (செயின், முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் மூன்றும் சேர்ந்தது) பணம் ஒதுக்கத் தொடங்குவேன். 259 வந்தால் இரண்டு சதவீதத் தேய்மானம். மறு பேச்சு இல்லாமல் மாற்ற வேண்டும். பெரிய வண்டிகளில் வரும் 520 வகையில் ஒரு கண்ணி 15.875 மி.மீ.; 20 கண்ணி 317.5 மி.மீ. கண்ணித் தகடுகளுக்கு இடையே ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் உள்ள செயினுக்கு ஒரு சதவீதமே எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 320 மி.மீ. சொச்சம்.

மூன்றாவது, பல். பின் ஸ்பிராக்கெட்டின் கடைசிப் பின்முனையில் செயினைப் பிடித்துப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். நல்ல செயின் பல்லை விட்டு நகராது. பல்லின் பாதி வெளியே தெரிந்தால் செட் முடிந்தது. பல்லின் இரு சரிவுகளும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்றும் கவனியுங்கள். ஒரு பக்கம் குழிந்து, அலை மடங்கி விழுவதுபோல நுனி சாய்ந்திருந்தால், அளவுகோல் என்ன சொன்னாலும் அது போய்விட்டது. முன் ஸ்பிராக்கெட்டை மூடியிருக்கும் கவரையும் கழற்றிப் பார்க்க வேண்டும். அதற்குப் பல் குறைவு. பின்னதைப்போல மூன்று மடங்கு சுற்றுகிறது. முதலில் தேய்வதும் அதுதான். பலரும் பின்னதை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள்.

"மெதுவாகப் போகும்போது கடகடவென்று அடிக்கிறது"

தொங்கல் கூடிப்போய், செயின் கவரிலோ, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ அடிக்கும் சத்தம் இது. நீளச் சோதனையில் தப்பித்தால் இறுக்கினால் போதும். பின்சக்கரத்தைப் பின்னுக்கு நகர்த்தும் அட்ஜஸ்டரில் இன்னும் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசிக் கோடு வரை பின்னுக்குப் போய்விட்டதென்றால் இறுக்குவதற்கு எதுவும் மிச்சமில்லை. கண்ணி வெட்டும் யோசனை பிறப்பது இந்த இடத்தில்தான். வேண்டாம். தேய்ந்த கண்ணியின் நீளம் பல்லின் இடைவெளியோடு பொருந்தாது. எத்தனை கண்ணியை எடுத்தாலும் மீதமுள்ள ஒவ்வொன்றும் நீளமாகத்தான் இருக்கும்.

"ஓரிடத்தில் தளர்வு, ஓரிடத்தில் இறுக்கம்"

எல்லா முளைகளும் ஒரே அளவில் தேய்வதில்லை. மழைத் தண்ணீர் தேங்கி நின்ற பகுதி, எண்ணெய் எட்டாத பகுதி முன்னதாகத் தேயும். வேறுபாடு 5 மி.மீ.க்குள் இருந்தால், மிக இறுக்கமான இடத்தை வைத்துத் தொங்கலைச் சரிசெய்து ஓட்டலாம். தளர்ந்த இடத்தை வைத்துச் சரிசெய்தால், இறுக்கமான பகுதி வரும்போதெல்லாம் கியர்பாக்ஸ் தண்டின் பேரிங் இழுபடும், அருகிலிருக்கும் ஆயில் சீலும் கசியத் தொடங்கும். வேறுபாடு 10 மி.மீ.யை எட்டினால் சரிசெய்து பயனில்லை. மாற்றுங்கள்.

சில கண்ணிகள் மட்டும் மடங்கிய நிலையிலேயே விறைத்து நிற்கின்றன என்றால் துரு ஏறியிருக்கிறது. உப்பளக் காற்று படும் எங்கள் ஊரில் இது மிகச் சாதாரணம். பத்து நாள் நிறுத்திவைத்த வண்டியிலும் வரும். மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷால் தேய்த்து, கண்ணியை விரலால் அசைத்து அசைத்து விடுவித்து, நன்றாகத் துடைத்து, எண்ணெய் விட்டுப் பாருங்கள். மறுநாளும் விறைப்பு அப்படியே இருந்தால் முளைக்குள் குழி விழுந்திருக்கிறது. ஓ-ரிங் செயினுக்குப் பெட்ரோலும் கம்பிப் பிரஷும் ஆகாது. அந்த ரப்பர் வளையம் கெட்டால், தொழிற்சாலையிலேயே உள்ளே அடைத்துக் கொடுத்த கிரீஸ் வெளியேறிவிடும். மேலே விடும் எண்ணெயால் அதை ஈடுகட்ட முடியாது.

"ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஒரு குதி, ஒரு கடக்"

எல்லாவற்றிலும் ஆபத்தானது இது. சிக்னலில் கிளம்பும்போதோ மேம்பாலத்தில் ஏறும்போதோ எஞ்சின் சுற்றுகிறது, வண்டி ஒரு கணம் தயங்குகிறது, பிறகு அடித்ததுபோல முன்னேறுகிறது. கிளட்ச் நழுவினாலும் எஞ்சின் வேகம் கூடும், ஆனால் அது மெல்ல வழுக்கும், இடிக்காது. இரும்பில் இரும்பு விழும் சத்தத்தோடு குதித்தால் செயின் பல்லைத் தாண்டுகிறது. இதைக் கேட்ட பிறகு வண்டியை வேலைக்கு எடுத்துப் போகாதீர்கள். அடுத்த தடவை தாண்டும் செயின் கழன்று சக்கரத்தை இறுக்கலாம், அறுந்தால் முன் ஸ்பிராக்கெட் பக்கம் சுருண்டு எஞ்சின் உறையையே உடைக்கலாம். கடை பக்கத்தில்தான் இருக்கிறது என்றால் தள்ளிக்கொண்டு போங்கள்.

புதிய செயின் போட்ட சில நாளில் இப்படிக் குதித்தால் காரணம் கிட்டத்தட்ட நிச்சயம்: பழைய ஸ்பிராக்கெட்டை விட்டுவிட்டுச் செயினை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். நீண்ட செயினுக்கு ஏற்ப வடிவம் மாறிய பல்லில் சரியான நீளமுள்ள கண்ணி முழுதாக உட்காராது. அந்தப் பல் புதிய செயினையும் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே தன் அளவுக்குக் கெடுத்துவிடும். மூன்றையும் சேர்த்து மாற்றுவது செலவு கூடிய வழி என்று நினைக்கிறோம். ஒரே ஆண்டில் இரண்டு செயின் வாங்குவதே கூடுதல் செலவு.

"கியர் மாற்றும்போதும் ஆக்சிலரேட்டரை விடும்போதும் தூக்கிப் போடுகிறது"

செயினைக் குறை சொல்வதற்கு முன் கப்ளிங் ரப்பரைப் பாருங்கள். பின் ஸ்பிராக்கெட்டுக்கும் சக்கர ஹப்புக்கும் இடையில் அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர் துண்டுகள் அவை. சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு ஸ்பிராக்கெட்டை மட்டும் முன்னும் பின்னும் திருகிப் பாருங்கள். சிறிது அசைவு இயல்பு. தளர்ந்து ஆடினாலோ கருப்புத் தூள் உதிர்ந்தாலோ ரப்பர் நைந்துவிட்டது. இதன் விலை செயின் செட்டின் விலையோடு ஒப்பிட்டால் அற்பம். செட் மாற்றும்போது சக்கரம் எப்படியும் கழற்றப்படுகிறது, அப்போதே ரப்பரையும் மாற்றிவிடுவது என் வழக்கம்.

"ஒரே வேகத்தில் சர்ரென்று உரசல்"

சக்கரம் கோணியிருக்கிறது. ஸ்பிராக்கெட் பல்லின் பக்கவாட்டில், உட்புறமோ வெளிப்புறமோ ஒன்றில் மட்டும், பளபளவென்று உரசிய தடம் இருக்கும். அட்ஜஸ்டர் கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம். அடிபட்ட வண்டியில் அவையே பொய் சொல்லும். ஸ்விங் ஆர்ம் போல்ட்டின் மையத்திலிருந்து பின்சக்கரத்தின் அச்சான ஆக்சிலின் மையம் வரை இரு பக்கமும் நூல் பிடித்து அளந்தால் உண்மை தெரியும். இரண்டும் சமமாக இருந்தும் உரசல் நிற்கவில்லையென்றால் சக்கர பேரிங், ஸ்விங் ஆர்ம் புஷ் இரண்டையும் ஆட்டிப் பாருங்கள். புதிய செயின் போட்டவுடனே ஊளையிடுவதுபோல் சத்தம் வந்தால் பெரும்பாலும் அது அளவுக்கு மீறிய இறுக்கம்.

மாற்றுவதென்று முடிவானால்

உங்கள் வண்டியின் மாடலுக்குரிய முழு செட்டாக வாங்குங்கள். நம் நாட்டுச் செயின்களில் பெயர்பெற்ற இரண்டு தமிழ்நாட்டு நிறுவனங்களுடையவை: கோயம்புத்தூர் எல்.ஜி.பி. நிறுவனத்தின் ரோலான், சென்னை டி.ஐ. நிறுவனத்தின் டைமண்ட். அசல் உறையில் வருவதை, பில்லோடு வாங்குங்கள். தனிச் செயினை வாங்கி வெட்ட வேண்டி வந்தால், பழைய செயினைப் பக்கத்தில் தொங்கவிட்டு நீளம் பார்க்காதீர்கள். அது நீண்டுபோன செயின். அதன் நீளத்துக்கு வெட்டினால் புதியதில் இரண்டு கண்ணி கூடிவிடும். கண்ணிகளை எண்ணித்தான் வெட்ட வேண்டும், இரண்டு முறை எண்ணி.

பல் எண்ணிக்கையை மாற்றும் ஆசை சிலருக்கு வரும். முன்னால் 14, பின்னால் 42 பல் இருந்தால் விகிதம் 3. முன்னால் ஒரு பல் குறைத்து 13 போட்டால் 3.23; இழுவை கூடும், அதே வேகத்துக்கு எஞ்சின் ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதலாகச் சுற்றும். பின்னால் மூன்று பல் கூட்டினாலும் விளைவு அதேதான். ஊருக்குள் ஓட்டும் வண்டிக்கு நிறுவனம் கொடுத்த எண்ணிக்கையே நல்லது என்பது என் கருத்து. சிறிய முன் ஸ்பிராக்கெட்டில் செயின் கூடுதலாக வளைவதால் தேய்மானமும் கூடும்.

வேலையின் வரிசை முக்கியம். பழைய செயின் மாட்டியிருக்கும்போதே, கியரில் போட்டு, ஒருவரைப் பின் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, முன் ஸ்பிராக்கெட்டின் நட்டைத் தளர்த்திவிடுங்கள். சிறிய வண்டிகள் பலவற்றில் இரண்டு சிறு போல்ட்டுகள் பிடிக்கும் ஒரு தகடுதான் இருக்கும். அதற்கும் இதுவே வழி. செயினை முதலில் கழற்றிவிட்டால் பிறகு முன் ஸ்பிராக்கெட்டைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. உளியால் தட்டத் தொடங்குவீர்கள், தண்டின் மரை போய்விடும். பிறகு செயினின் இரு முனைகளையும் இணைக்கும் செயின் லாக்கைக் கழற்றி, சக்கரத்தை வெளியே எடுங்கள். ஆக்சிலில் கோத்திருக்கும் ஸ்பேசர் வளையங்கள் எந்தப் பக்கம், எந்த வரிசை என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன் ஸ்பிராக்கெட்டைச் சுற்றி அடைந்திருக்கும் எண்ணெய் மண்ணைச் சுரண்டி எடுங்கள். அங்கே ஈரமாக எஞ்சின் ஆயில் தெரிந்தால் சீல் மாற்ற வேண்டிய நேரமும் இதுதான்.

பின் ஸ்பிராக்கெட்டின் நட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கி, கடைசியில் கையேட்டில் சொன்ன அளவுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முடியுங்கள். மடக்கும் லாக் தகடு இருந்தால் மடக்கிவிட மறக்கக் கூடாது. ஏற்கெனவே பலமுறை மடங்கியதென்றால் புதிது போடுங்கள்.

செயின் லாக்கைப் போடும் இடத்தில் அவசரம் வேண்டாம். அந்தச் சிறிய கிளிப்பின் மூடிய வளைவு செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். மேற்பக்கச் செயினில் பார்த்தால் மூடிய முனை எஞ்சின் பக்கம், திறந்த முனை பின்சக்கரத்தின் பக்கம். திருப்பிப் போட்டால் எதிலாவது உரசிக் கிளிப் கழன்றுவிடும். பழைய கிளிப்பை மீண்டும் பயன்படுத்தவே கூடாது. மாட்டியபின் அது முளைகளின் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்ததா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். ரிவிட் அடிக்கும் வகை என்றால் அதற்குரிய கருவி வேண்டும். சுத்தியலால் அடித்து முடிக்கும் வேலையன்று, கருவி உள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

பிறகு தொங்கல், கோணல், ஆக்சில் நட்டு. ஆக்சிலை இறுக்கும்போது தொங்கல் சிறிது மாறும், அதனால் இறுக்கிய பிறகு மீண்டும் அளக்க வேண்டும். பின் பிரேக்கின் அசைவையும் சரிபார்த்து, நட்டில் ஊசி போடும் துளை இருந்தால் புதிய ஊசியைப் போடுங்கள். டிரம் பிரேக் வண்டியில் பிரேக் தட்டைப் பிடிக்கும் கம்பியை மாட்டினோமா என்று இன்னொரு முறை குனிந்து பாருங்கள். அது இல்லாமல் பிரேக் பிடித்தால் தட்டே சுற்றிவிடும்.

கழற்றிய செயின் கவரையும் சேலைக் காப்பையும் திரும்ப மாட்டியே ஆக வேண்டும். அழகுக்காக அவற்றை நீக்கிவிட்டு ஓடும் வண்டிகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. பின்னால் உட்காருபவரின் துணி சிக்காதபடி சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி சொல்கிறது. துப்பட்டாவும் முந்தானையும் ஸ்பிராக்கெட்டுக்கு ஒரு சாண் தூரத்தில்தான் பறக்கின்றன.

புதிய செட் முதல் 500 கிலோமீட்டருக்குள் சற்றுத் தளரும். அது குறையில்லை, உறுப்புகள் ஒன்றோடொன்று படியும் தளர்ச்சி. ஒருமுறை சரிசெய்தால் நின்றுவிடும். அதன் பிறகு 500 கி.மீ.க்கு ஒரு முறையும், மழையில் நனைந்த ஒவ்வொரு முறையும் எண்ணெய். ஓட்டி முடித்து வீடு வந்ததும், செயின் சூடாக இருக்கும்போதே, கீழ்ப்பக்கச் செயினின் உட்புறத்தில் தகடுகளின் இடுக்கில் 90ஆம் எண் கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி, கால் மணி நேரம் கழித்து வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்ட எண்ணெய் டயரில் தெறிக்கும். மணலையும் ஒட்டிக்கொண்டு அரைக்கும்.

கழற்றிய பழைய செயினை முழுதாக யாரிடமும் கொடுக்காதீர்கள். "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது" என்று யாரோ இரண்டு கண்ணியை வெட்டி இன்னொரு வண்டியில் மாட்டிவிடுவார்கள். நான் அதை மூன்று துண்டாக வெட்டிய பிறகுதான் பழைய இரும்புக் கடையில் போடுகிறேன்.